துப்புரவு செய்யும் கலங்கள்

அனோஜன் வீட்டுக்குள் வரும்போது சிரித்துக்கொண்டுதான் வந்தான். வலது புருவத்துக்கு மேலே வெடித்திருந்தது. இரத்தம் கன்னத்தால் வழிந்து சேட்டின் தோள்வரைக்கும் ஊறியிருந்தது. அவனுடைய சாமான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓட்டோக்காரர் பின்னால் வந்தார்.

“ஒண்டுமில்லை. மண்கும்பானில ஒரு வீட்டு மோட்டரைத் திருத்திப்போட்டு வந்தனான். பாலத்தில மாடு குறுக்கால வந்திட்டுது. மோட்டார் சைக்கிள் ஹாண்டில் நெத்தியில இடிச்சுப்போட்டுது. அவ்வளவுதான்.”

குசினி வாசலில் அவன் மனைவி நிருஜாவும் தங்கச்சி பிரியவதனியும் நின்றார்கள். இரண்டு எட்டு வைத்தவன் கதிரையில் மோதி, அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

“ஆர் இதில கதிரையைக் கொண்டந்து வைச்சது?”

 அந்தக் கதிரை வருசக்கணக்காக அந்த இடத்தில்தான் கிடக்கிறது.

பிரியவதனி கதிரையையும் அண்ணனையும் மாறிமாறிப் பார்த்தாள். அவள் ஜேர்மனியிலிருந்து லீவில் சொந்த ஊரான மடத்துவெளிக்கு வந்து ஒரு கிழமைதான் ஆகிறது. தாயும் தகப்பனும் கனடாவில் மூத்த மகளோடு இருக்கிறார்கள். ஊரில் மிஞ்சியது அண்ணனும் மச்சாளும்தான். அவர்களோடு சும்மா இருந்து சாப்பிட்டுத் தூங்கத்தான் அவள் வந்தாள்.

அவனை இருத்தி, ஈரத்துணியால் முகத்தைத் துடைத்தாள். புருவத்தில் வெட்டு ஆழமில்லை. கண்ணுக்குள் இரத்தமில்லை, வீக்கமில்லை. வலக்கண் எப்போதும் போலத் தெளிவாக அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. பார்த்துக்கொண்டிருந்தது என்றுதான் எவரும் நினைப்பார்கள்.

“அண்ணை, நான் தெரியிறனோ?”

“வெளிச்சம் தெரியுது. உரு தெரியேல்லை. ரத்தம் போயிருக்கும். கழுவினால் சரி.”

“கழுவியாச்சு.”

அவன் சிரிப்பு நின்றது.

அனோஜனுக்கு இருந்தது அந்த ஒரு கண்தான். இடம்பெயர்ந்து வன்னியில் கொட்டில் போட்டு இருந்த காலத்தில், ஒன்பது வயதில், வேலி அடைக்கும்போது பனைமட்டையின் கருக்கு இடக்கண்ணைக் கிழித்துவிட்டது. மருந்துக்கே வழியில்லாத நேரம். புண் ஆறியபோது கண்ணின் முன்பக்கம் முழுக்க வெள்ளை படர்ந்து, ஊறின சவ்வரிசி மாதிரி ஆகிவிட்டது. அந்தக் கண் போய்விட்டது என்று அன்றைக்கு யாரோ சொன்னதை வீட்டில் எல்லோரும் ஏற்றுக்கொண்டார்கள். பிறகு அதைப் பற்றி எவரும் கதைத்ததில்லை. மிச்சக் கண்ணை வைத்துக்கொண்டே அவன் படித்தான், மோட்டருக்குக் கம்பி சுற்றப் பழகினான், தீவுகள் எல்லாம் போய்த் தண்ணி மோட்டர் திருத்தினான், கலியாணமும் கட்டினான்.

பிரியவதனி அவனை அறைக்குள் கூட்டிக்கொண்டு போய்ச் சன்னலைச் சாத்தினாள். இருட்டில் போன் வெளிச்சத்தை அவன் வலக்கண்ணில் மட்டும் படும்படி பக்கவாட்டில் பிடித்தாள். நல்ல கண் என்றால் நடுவிலுள்ள கறுப்பு உடனே சுருங்க வேண்டும். சுருங்கவில்லை. பெரிதாக, அகலத் திறந்தபடி நின்றது.

“தெரியுதோ?”

“ஓம், ஓம். தெரியுது,” என்றான் அவன், அவசரமாக. ஆனால் அவன் முகம் வெளிச்சத்துக்கு எதிர்ப்பக்கம் திரும்பியிருந்தது.

அவள் போனை அணைத்தாள். 

யாழ்ப்பாணத்தில் ஆஸ்பத்திரியில் படம் எடுத்தார்கள், பொழுதுபடும்வரை ஏதேதோ சோதித்தார்கள். கண் டொக்டர் ஜெயந்தா நடுத்தர வயதுப் பெண். சுற்றி வளைக்காமல் கதைப்பவர்.

“கண்ணுக்கு ஒண்டும் நடக்கேல்லை. கண்ணுக்குப் பின்னால மூளைக்குப் போற நரம்பு அடிபட்டிருக்கு. இதுக்கு நிச்சயமான மருந்து எண்டு ஒண்டும் இல்லை. சிலருக்குப் பார்வை கொஞ்சம் கொஞ்சமாத் திரும்பும். சிலருக்குத் திரும்பாது. பொறுத்துப் பாப்பம்.”

நிருஜா “சிலருக்குத் திரும்பும்” என்பதைப் பிடித்துக்கொண்டாள். பிரியவதனி ஒன்றும் கேட்கவில்லை. வெளியே வரும்போது டொக்டர் அவளை மறித்து, என்ன படிக்கிறீர்கள் என்று கேட்டார். அவள் சொன்னாள்.

“அப்ப உங்களுக்கு நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை,” என்றார் ஜெயந்தா, மெதுவாக.

தேவையில்லைதான். பார்வை நரம்பு அடிபட்ட பிறகு விழித்திரையில் என்ன நடக்கிறது என்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. மயக்கிய எலியின் கண்ணுக்குப் பின்னால் மெல்லிய இடுக்கியை விட்டு, நரம்பைச் சில விநாடிகள் நெரித்து விடுவார்கள். எலி எழும்பி ஓடும், தின்னும். கண் பார்வைக்கு அப்படியே இருக்கும். ஆனால் உள்ளே, அந்த நரம்புக்குள் வால்நீட்டிக் கொண்டிருக்கிற உயிர்க்கலங்கள் ஒவ்வொன்றாகச் சாகத் தொடங்கும். நாட்கணக்கில், கிழமைக்கணக்கில்.

செத்தவை அப்படியே கிடப்பதில்லை. விழித்திரைக்குள் கைகால் பரப்பிக்கொண்டு சும்மா இருக்கும் சின்னக் கலங்கள் சில உண்டு. மணம் பிடித்ததுபோல அவை கைகளைச் சுருக்கி, உருண்டு, நகர்ந்து வரும். செத்த கலத்தைச் சுற்றி வளைத்து விழுங்கும். அவற்றை மருந்து கொடுத்து அகற்றினாலும் குப்பை மிஞ்சாது. விழித்திரையைத் தாங்கிக்கொண்டு தூண்கள் மாதிரி நிற்கும் வேறு கலங்கள் அந்த வேலையைக் கையில் எடுக்கும். நுணுக்குக்காட்டியில் இதைப் படமாக எடுத்தவள் அவள். அந்தப் படத்தை ஒரு கூட்டத்தில் போட்டுக் காட்டியபோது எல்லோரும் கைதட்டினார்கள்.

இன்னொன்றும் அவளுக்குத் தெரியும். அதுதான் அவளைச் சாப்பிட விடவில்லை. அந்தக் கலங்கள் எப்போதும் செத்ததை மட்டும் தின்பதில்லை. அடிபட்டுச் சோர்ந்துபோன, இன்னும் உயிரோடு இருக்கிற, சிலவேளை தப்பியும் இருக்கக்கூடிய கலத்தையும் விழுங்கிவிடும். மேசைக்கு எதிரே இருந்து அண்ணன் புட்டைத் தடவித் தடவிப் பிசையும்போது, அந்தத் தெளிந்த கண்ணுக்குள் இப்போது எது எதை விழுங்கிக்கொண்டிருக்கிறது என்று அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். தடுக்க ஒரு வழியும் அவளிடம் இல்லை. இருந்திருந்தால் அது அவளுடைய ஆய்வுகூடத்தில் முதலில் எலிக்குக் கிடைத்திருக்கும்.

ஒருநாள் கிணற்றடியில் உடுப்புத் தோய்க்கும்போது நிருஜா கேட்டாள்.

“மச்சாள், உங்கட வேலையைப் பற்றி இவர் ஒருக்கால் சொன்னவர். அங்க நீங்கள் எலியளின்ர கண் நரம்பை நசிக்கிறனீங்கள் எண்டு. உண்மையோ?”

“ஓம்.”

நிருஜா சீலையைப் பிழிந்தாள். பிழிந்த சீலையையே திரும்பவும் பிழிந்தாள். “அதேதானே இப்ப இவருக்கு நடந்திருக்கு.”

அவள் குற்றம் சொல்லவில்லை. பயத்தில் சொன்னாள். ஆனால் பிரியவதனிக்கு அதன் பிறகு அந்த இடத்தில் நிற்க முடியவில்லை. வாளியை வைத்துவிட்டுப் பின்வளவுக்குப் போனாள். இதில் ஒரு தொடர்பும் இல்லை, மாடு குறுக்கே வந்தது, அவ்வளவுதான் என்று தனக்குத்தானே சொன்னாள். சொல்லச் சொல்ல, இடுக்கி மூடும்போது விரல் நுனியில் தெரிகிற அந்தச் சின்ன இறுக்கம்தான் நினைவுக்கு வந்தது.

பிறகு ஒரு காலை அனோஜன், “இண்டைக்குக் கொஞ்சம் தெளிவு,” என்றான்.

நிருஜா ஓடி வந்தாள். “என்ன தெரியுது?”

“உம்மட சட்டை பச்சை.”

நிருஜா அழுதுவிட்டாள். சுவாமி அறைக்குப் போய் விளக்கைக் கொளுத்தினாள். பச்சைச் சட்டையைக் காணவில்லை என்று சற்று முன்னர் அவள் அலுமாரியைக் கிண்டியது பிரியவதனிக்குக் கேட்டிருந்தது. அவனுக்கும் கேட்டிருக்கும்.

நிருஜா கடைக்குப் போனதும் அவள் அவனுக்கு முன்னால் வந்து இருந்தாள்.

“எத்தினை விரல், அண்ணை?”

“ரண்டு.”

“இப்ப?”

அவன் முன்னால் சாய்ந்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்தான். “மூண்டு.”

அவளுடைய கைகள் இரண்டும் மடியில் இருந்தன. முதல் கேள்விக்கும் அவள் அவற்றைத் தூக்கவில்லை. மூன்றாவது கேள்வி வராததிலேயே அவனுக்கு விளங்கிவிட்டது.

“கையைத் தூக்கேல்லையோ?”

“இல்லை.”

“நிருஜாவுக்குச் சொல்லாதை. அவ சாப்பிடுறா இல்லை. நான் தெரியுது எண்டு சொன்னாப் பிறகுதான் தேத்தண்ணி எண்டாலும் குடிக்கிறா.” பிறகு, “நீ எலியளில பாத்தனிதானே. சொல்லு, திரும்பி வருமோ?” என்றான்.

அவள் சொன்னாள். கலங்கள் சாவதையும், மற்றவை வந்து துப்புரவு செய்வதையும், செத்த கலம் திரும்ப முளைக்காது என்பதையும். மனிதக் கண் எலிக் கண் அல்ல, சில பேருக்கு ஒரு பகுதி மிஞ்சும் என்பதையும் சொன்னாள். அவன் ஒரு மோட்டர் எரிந்ததற்குக் காரணம் கேட்பதுபோலத் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தான்.

“அதுகள் பிழையா உயிரோட கிடக்கிறதையும் தின்னுமோ?”

இதை அவள் சொல்லாமல் விட்டிருந்தாள். “சிலவேளை,” என்றாள்.

“எனக்கு உள்ளுக்க ஒண்டும் நோகேல்லை. அதுதான் பயமாக் கிடக்கு,” என்றான் அனோஜன். “நொந்தால் எண்டாலும் ஏதோ நடக்குது எண்டு தெரியும்.”

அந்த வெள்ளிக்கிழமை நயினாதீவுக்குப் போக வேண்டும் என்று நிருஜா ஒற்றைக்காலில் நின்றாள். அம்மனுக்கு வெள்ளித் தகட்டில் செய்த கண்மலர் நேர்ந்திருந்தாள். குறிகட்டுவான் இறங்குதுறையில் சனம் நெரிந்தது. கச்சான் காற்றுக்கு வள்ளம் சுவரோடு முட்டுவதும் விலகுவதுமாக நின்றது. விலகும்போது இடையில் கறுத்த தண்ணீர் தெரிந்தது.

“இப்ப காலை வையுங்கோ,” என்றாள் நிருஜா. அவன் வைக்கவில்லை. பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். ஐந்து வயதிலிருந்து இந்த வள்ளத்தில் பாய்ந்து ஏறியவன், சுவரின் விளிம்பைக் காலால் தேடிக்கொண்டு வேர்த்துப்போய் நின்றான். கடைசியில் வள்ளக்காரர் ஒருவர் அவனைக் கட்டிப்பிடித்து உள்ளே தூக்கி வைத்தார். அவன் நிருஜாவின் கையை விடவேயில்லை.

மேல்தட்டில்தான் இடம் கிடைத்தது. நல்ல வெயில். கடல் முழுக்க மினுங்கியது. பிரியவதனி அவனுக்கு எதிரே இருந்தாள். வேண்டாம் என்று நினைத்தும் அவள் பார்வை அந்த வலக்கண்ணுக்குத்தான் போனது.

நடுவிலுள்ள கறுப்பு குண்டூசித் தலையளவுக்குச் சுருங்கியிருந்தது.

 இருட்டறையில் எத்தனை தரம் வெளிச்சம் அடித்தும் அசையாத கண்மணி. அப்படியானால் நரம்பு திரும்புகிறதா? உள்ளுக்குள் எழும்பிய சந்தோசத்துக்குப் பின்னாலேயே சந்தேகமும் வந்தது. நேற்றும் அவள் சோதித்தவள். நேற்றும் அசையவில்லை. ஒரே இரவில் இது நடக்காது.

“அண்ணை, கொஞ்சம் அசையாமல் இருங்கோ.”

எழும்பி, ஆடுகிற வள்ளத்தில் அவன் முன்னால் முழங்காலில் நின்றாள். உள்ளங்கையால் அவனுடைய இடக்கண்ணைப் பொத்தினாள், அந்த வெள்ளை படர்ந்த, போய்விட்டதென்று எல்லோரும் விட்ட கண்ணை. வெயில் வலக்கண்ணில் நேராக விழுந்துகொண்டிருந்தது. ஆனாலும் அந்தக் கறுப்பு மெல்ல மெல்ல அகன்றது. கையை எடுத்தாள். சுருங்கியது. பொத்தினாள். அகன்றது.

“ஏன் வெளிச்சத்தை மறைக்கிறாய்?” என்றான் அவன்.

“எந்தக் கண்ணால வெளிச்சம் தெரியுது அண்ணை?”

“எனக்கென்ன தெரியும். இருக்கிறது ஒரு கண்தானே.”

“இல்லை,” என்றாள் அவள். சத்தமாகவே சொன்னாள். பக்கத்திலிருந்த சனம் திரும்பிப் பார்த்தது. “வலக்கண்ணால இல்லை. இந்தக் கண்ணாலதான் தெரியுது. வெளிச்சம் இதுக்குள்ளாலதான் மூளைக்குப் போகுது. அங்கயிருந்து வாற கட்டளைக்குத்தான் மற்றக் கண் சுருங்குது. இதின்ர நரம்புக்கு ஒண்டுமில்லை. முன்னுக்கு மறைச்சுக்கொண்டு கிடக்கிறது தழும்பு மட்டும்தான்.”

இதே உண்மைக்கு இன்னொரு பக்கம் இருந்தது. அவன் காண்கிறேன் என்று சொன்ன வெளிச்சம் வலக்கண்ணின் வெளிச்சம் அல்ல. அதில் மிஞ்சியிருந்தது ஒன்றுமில்லை. நிருஜா அதைத்தான் முதலில் விளங்கிக்கொண்டாள்.

“அப்ப பச்சைச் சட்டை?” என்று கேட்டாள்.

அவன் தலையைக் குனிந்தான். வள்ளம் நயினாதீவுக் கரையைத் தொடும்வரை நிருஜா கடலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் கையை மட்டும் விடவில்லை.

டொக்டர் ஜெயந்தா இடக்கண்ணைக் கனநேரம் சோதித்தார். உள்ளே பார்க்க ஏலாதபடியால் ஸ்கான் எடுத்துப் பார்த்தார். விழித்திரை அதன் இடத்தில் ஒட்டியபடி இருந்தது.

“அடுத்த முறை வரேக்க இந்தக் கண்ணைப் பற்றி நானும் கதைக்க இருந்தனான்,” என்றார். “கண் தானம் செய்யிற ஆக்களிட்டயிருந்து முன்பக்கக் கண்ணாடித் தோலை எடுத்து மாத்தலாம். கொழும்பில செய்வினம். ஒன்பது வயதுமட்டும் பாத்த கண் எண்டபடியா மூளைக்குப் பழக்கம் இருக்கும். ஆனால் கனகாலம் சும்மா கிடந்த கண். எவ்வளவு தெரியும் எண்டு சொல்ல ஏலாது. வைச்ச தோலை உடம்பு ஏற்காமலும் விடலாம்.”

“இப்ப தெரியிற வெளிச்சமும் போகலாமோ?” என்றான் அனோஜன்.

“போகலாம். குறைவு. ஆனாப் போகலாம்.”

அவர்கள் பஸ் நிலையத்துக்கு நடந்தார்கள். நிருஜா வேண்டாம் என்றாள். வெளிச்சமாவது இருக்கிறதே, விடிந்ததும் இருண்டதும் தெரிகிறதே, அதையும் கொண்டுபோய்க் கத்திக்குக் கொடுப்பதா என்று கேட்டாள். பிரியவதனி இரண்டு பக்கமும் பேசவில்லை. கண்டுபிடித்தவள் அவள். கெட்டுப்போனால் அதுவும் அவளால்தான்.

“எனக்குச் சரியான பயம்,” என்றான் அனோஜன், பஸ்ஸில் ஏறி இருந்த பிறகு. விழுந்த நாளிலிருந்து அவன் நிருஜாவின் முன்னால் அப்படிச் சொன்னது அதுதான் முதல்தரம். “எண்டாலும் செய்வம். இல்லாட்டிச் சாகுமட்டும் இந்த வெளிச்சத்தையே பாத்துக்கொண்டு, செய்திருக்கலாமோ எண்டு யோசிச்சுக்கொண்டு இருக்க வேணும்.”

தோல் கிடைக்க மாதக்கணக்கானது. பிரியவதனி லீவை நீட்டினாள், பிறகும் நீட்டினாள். கொழும்பில் கட்டு அவிழ்க்கிற காலை, கட்டிலின் ஒரு பக்கம் நிருஜாவும் மற்றப் பக்கம் அவளும் நின்றார்கள். கட்டை எடுத்ததும் அவன் கண்ணைத் திறந்தான். சிவந்து, நீர் வடிந்து, ஓரம் முழுக்கத் தையலோடு இருந்தது அந்தக் கண். 

“என்ன தெரியுது?” என்று அவனிடம் கேட்டார் கொழும்பு டொக்டர்.

ஒன்றும் சொல்லவில்லை. நிருஜாவின் விரல்கள் கட்டில் சட்டத்தில் வெளிறிப் போயின. வெளிச்சமும் போய்விட்டது என்று பிரியவதனி நினைத்தாள். அண்ணனை இங்கே கூட்டிக்கொண்டு வந்தது தான்தான் என்று நினைத்தாள்.

“சன்னல்,” என்றான் அனோஜன். “நாலு சட்டம். ஒரு சட்டத்தில துணி அடைச்சிருக்கு.”

பிரியவதனி திரும்பிப் பார்த்தாள். கண்ணாடி உடைந்த ஒரு சட்டத்தில் துணியைச் சுருட்டி அடைத்திருந்தார்கள்.

“அதுக்கு இஞ்சால நிக்கிறது நீர்தானே? மெலிஞ்சு போனீர்,” என்றான். நிருஜா அப்படியே தரையில் குந்திவிட்டாள்.

வலக்கண் திரும்பவில்லை. கடைசியாகச் சோதித்தபோது உள்ளே நரம்பின் முகப்பு கடதாசி மாதிரி வெளிறியிருந்தது. வேலை முடிந்து, எல்லாம் துப்புரவாகி விட்டிருந்தது. இடக்கண்ணால் பெரிய எழுத்து வாசிக்கலாம், ஆட்களை அடையாளம் காணலாம். மெல்லிய கம்பி சுற்ற ஏலாது. அனோஜன் கம்பி சுற்றும் வேலையை விட்டு, மோட்டர் பூட்டுவதையும் குழாய் இழுப்பதையும் வைத்துக்கொண்டான். மோட்டார் சைக்கிளைத் தொடவில்லை.

பிரியவதனி ஜேர்மனிக்குத் திரும்பினாள். அடுத்த தொகுதி எலிகளுக்கு நரம்பை நெரிக்கிற வேலையைக் கூட வேலை செய்கிறவளிடம் கொடுத்தாள். ஏன் என்று அவள் கேட்டபோது, கை சரியில்லை என்றாள். நுணுக்குக்காட்டிக்கு முன்னால் மட்டும் பழையபடி இருந்தாள். அந்தச் சின்னக் கலங்கள் உருண்டு வருகிற இடத்தில் படத்தை நிறுத்திவிட்டு எழும்பிப் போவாள். பிறகு திரும்பி வந்து ஓடவிடுவாள்.

ஒரு நாள் நிருஜா அழைத்தாள். “மச்சாள், கண் சிவந்து கிடக்கு. வெளிச்சத்தைப் பாக்க ஏலாதாம்.”

உடம்பு தோலை மறுக்கிறதென்றால் அப்படித்தான் தொடங்கும். உடனே போங்கோ என்று அவள் கத்தினாள். அவர்கள் பஸ்ஸில் யாழ்ப்பாணம் போய்ச் சேரும்வரை ஆய்வுகூடத்தின் படிக்கட்டில் இருந்தாள். ஒரு தையல் தளர்ந்து உரசியிருக்கிறது, அவ்வளவுதான் என்றார் ஜெயந்தா. தையலை எடுத்து, துளிமருந்து கொடுத்து அனுப்பினார்.

அதற்குப் பிறகு நிருஜா ஒவ்வொரு காலையும் அந்தக் கண்ணைப் போனில் படம் எடுத்து அனுப்பத் தொடங்கினாள். பிரியவதனி முகம் கழுவ முன்னரே அதைப் பார்ப்பாள். போன கிழமை ஒரு நாள் படம் வரவில்லை. அழைத்தாள், அழைப்புப் போகவில்லை. வேலைக்கு வந்தும் ஆய்வுகூட வெள்ளைக் கோட்டைப் போடாமல் சன்னலடியில் நின்றாள். யாரோ காலை வணக்கம் சொன்னது அவளுக்குக் கேட்கவில்லை.

மத்தியானம் போன் அதிர்ந்தது. “கரண்ட் இல்லை மச்சாள். இப்பதான் வந்தது,” என்றிருந்தது. கீழே படம். அவள் அதைப் பெரிதாக்கி, கண்ணின் ஓரத்தை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம்வரை, தையல் தையலாகப் பார்த்துக்கொண்டு போனாள்.